கண்ணை எடிட் செய்ததும் முகமே போலியாகத் தெரிவது ஏன்? எதை, எவ்வளவு தொடலாம்?

போர்ட்ரெய்ட் படங்களில் கண்ணைச் சரிசெய்ததும் ஆளே பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார், வீடியோக்களில் சொல்கிறபடி வெள்ளையை வெளுக்க வைத்துக் கருவிழியை ஷார்ப் செய்தும் பார்த்தாயிற்று, எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அளவைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்களுக்கு வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். கண்ணில் எதைத் தொட்டால் யாருக்கும் தெரியாது, எதைத் தொட்டால் எடிட்டிங் தெரியாதவர்கூட "ஏதோ பண்ணியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார் என்பதுதான் அது. அளவுகளையும் தருகிறேன். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பது பிடிபட்டால்தான் அடுத்த படத்துக்கும் உதவும்.

வெண்விழியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் கெடுவது அங்கேதான். அதை வெள்ளை என்று மூளை எடுத்துக்கொள்கிறதே தவிர, படத்தில் அது வெள்ளையே கிடையாது. நன்றாக ஒளியமைத்து எடுத்த, யாரும் கை வைக்காத ஒரு படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஐட்ராப்பரை (தொட்ட இடத்தின் நிறத்தை 0 முதல் 255 வரையிலான எண்களில் காட்டும் கருவி) வெண்விழி மேல் வைத்துப் பாருங்கள். அதன் மிகப் பிரகாசமான இடத்தில்கூட சிவப்பு 190, பச்சை 178, நீலம் 172 என்பது போன்ற எண்கள்தான் வரும். மூக்கோரமாகவும் காதோரமாகவும் நகர்த்தினால் 120, 100 என்று இறங்கும். மேல் இமைக்குக் கீழே ஒட்டினாற்போல இன்னும் இருட்டு, ஏனென்றால் இமையும் இமைமுடியும் அங்கே நிழல் போடுகின்றன. கண் ஓர் உருண்டை என்றும், அது குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றும் நமக்குச் சொல்வதே இந்த ஏற்ற இறக்கம்தான். வெண்விழி முழுவதையும் ஒரே பிரஷ்ஷால் ஒரே அளவுக்கு வெளுக்க வைத்தால் அந்த உருண்டை தட்டையாகி, காகிதத்தை வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும். நீங்கள் சொல்லும் பொம்மைத்தனம் பெரும்பாலும் இதுதான். வெளுப்பு கூடிப்போனதைவிட, எல்லா இடத்திலும் சமமாக வெளுத்ததுதான் காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "கண் டல்லாக இருக்கிறது" என்று தோன்றும் படங்களில் வெண்விழியின் நிறம் காரணமாக இருப்பது குறைவு. விளக்கோ சூரியனோ தலைக்கு நேர் மேலே இருந்ததால் கண்குழி முழுவதும் நிழலில் கிடக்கும். அல்லது கண்ணில் கேட்ச்லைட், அதாவது விளக்கைப் பிரதிபலிக்கும் அந்த வெள்ளைப் புள்ளி, விழுந்திருக்காது. குழி இருட்டாக இருக்கும்போது வெண்விழியை மட்டும் தூக்கினால், நிழலுக்குள் இரண்டு பல்பு எரிவது தெரியும். ஆகவே முதல் வேலை கண்ணில் இல்லை, கண்ணைச் சுற்றித்தான். புருவத்துக்குக் கீழிருந்து கன்ன எலும்பின் மேல் விளிம்பு வரை, இமை, கண், கீழ்ப்பை எல்லாம் சேர்த்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் எக்ஸ்போஷரை 0.2 முதல் 0.4 வரை ஏற்றுங்கள். லைட்ரூம் என்றால் ஷேடோஸ் ஸ்லைடரையும் 10, 15 சேர்க்கலாம். இதைச் செய்துவிட்டுப் பார்த்தால், பாதிப் படங்களில் கண்ணுக்கென்று தனியாக மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

வரிசையும் முக்கியம். ஒயிட் பேலன்ஸ், மொத்த எக்ஸ்போஷர், தோல் வேலை எல்லாம் முடிந்த பிறகே கண்ணுக்கு வாருங்கள். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெண்விழி மஞ்சளாகத்தான் இருக்கும். ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யாமல் வெண்விழியை மட்டும் மஞ்சள் நீக்கினால், சட்டை மஞ்சள், பல் மஞ்சள், கண் மட்டும் நீலச்சாயல் என்று ஆகிவிடும்.

இப்போது ரத்த நாளங்கள். போட்டோஷாப்பில் வெற்று லேயர் ஒன்று எடுத்து, ஹீலிங் பிரஷ்ஷை 'கரன்ட் அண்ட் பிலோ' என்று வைத்து, நாளத்தின் தடிமனைவிடச் சற்றே பெரிய பிரஷ்ஷால் மிகத் தடித்த இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. நாளமே இல்லாத வெண்விழி பீங்கான் ஆகிவிடும். இமைமுடி அருகே ஹீலிங் பிரஷ்ஷை நம்பாதீர்கள். அது பூசிய இடத்தின் விளிம்பில் இருக்கும் நிறத்தை உள்ளே கலக்கும் கருவி. விளிம்பு ஓர் இமைமுடியைத் தொட்டால் அந்தக் கறுப்பு வெண்விழிக்குள் ஒழுகி, அழுக்குத் தீற்றல் போல நிற்கும். அந்த இடங்களுக்கு குளோன் ஸ்டாம்ப்பை 'லைட்டன்' மோடில், 20 முதல் 30 சதவீத ஒப்பாசிட்டியில் வைத்து, பக்கத்திலேயே இருக்கும் சுத்தமான இடத்திலிருந்து எடுத்து இரண்டு மூன்று முறை தடவினால் போதும். லைட்டன் மோடில், எடுத்த மாதிரியைவிட இருட்டாக உள்ள பிக்சல்கள்தான் மாறும். அதனால் நாளம் மங்கும், சுற்றியிருப்பது அப்படியே கிடக்கும்.

நாளங்கள் வலை பின்னியது போல நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எடுப்பது வீண் வேலை. அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். பச்சையிலும் நீலத்திலும் நாளங்கள் கறுத்த கோடுகளாகத் தெரியும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் காணாமலே போயிருக்கும். சிவப்பு நிறக் கோடு சிவப்புச் சேனலில் வெளிச்சமாகத்தான் பதியும், அவ்வளவுதான் விஷயம். ஆகவே சேனல் மிக்ஸர் லேயர் ஒன்று போட்டு, 'மோனோக்ரோம்' டிக் செய்து, சிவப்பு 100, மற்ற இரண்டும் 0 என்று வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகும். பிளெண்ட் மோடை 'லூமினாசிட்டி'க்கு (பிரகாசத்தை மட்டும் மாற்றும் மோட்) மாற்றினால் நிறம் திரும்பி வந்துவிடும். லேயர் எங்கே தெரியலாம் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கை, கன்ட்ரோலையும் I எழுத்தையும் சேர்த்து அழுத்திக் கறுப்பாக்கி, வெண்விழியில் மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் திறந்து, லேயரின் ஒப்பாசிட்டியை 40 முதல் 60க்குள் நிறுத்துங்கள். நாளங்களின் கறுப்பு குறையும், வெண்விழியின் நிழல் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். இது கூடவே வெண்விழியைக் கொஞ்சம் பிரகாசமும் ஆக்கிவிடும் என்பதால், அடுத்து வரும் பிரகாச வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் லேசான சிவப்புச்சாயல் மிஞ்சும். ஹ்யூ-சாச்சுரேஷன் லேயரில் 'ரெட்ஸ்' தேர்ந்தெடுத்து சாச்சுரேஷனை 25 முதல் 35 வரை குறையுங்கள், லைட்னஸ் 5 ஏற்றுங்கள், அதையும் மாஸ்க் வழியாக வெண்விழிக்கு மட்டும். முழுதாக நிறம் நீக்கினால் வெண்விழி சாம்பல் நிறமாகி, உயிர் போன கண்ணாகிவிடும். சிவப்பு எண் பச்சையைவிடவும், பச்சை நீலத்தைவிடவும் சில எண்கள் கூடுதலாக இருக்கும்படி விட்டுவைப்பது பாதுகாப்பு. மாஸ்க் தவறிப்போகும் இரண்டு இடங்களைச் சொல்லி வைக்கிறேன். ஒன்று, மூக்கோர முனையில் இருக்கும் சின்ன இளஞ்சிவப்புச் சதை. இன்னொன்று, கீழ் இமையின் ஈரமான உள்விளிம்பு. இரண்டும் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். கண்ணைச் சுற்றி ரத்த ஓட்டம் இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. அவை வெளுத்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் உறுத்தும்.

பிரகாசத்துக்கு கர்வ்ஸ் லேயர். நடுப்புள்ளியை 128இலிருந்து 140 அல்லது 142க்கு ஏற்றினால் போதும். பிளெண்ட் மோடை இங்கேயும் லூமினாசிட்டியில் வையுங்கள். சாதாரண மோடில் கான்ட்ராஸ்ட் கூடும் இடத்தில் நிறச்செறிவும் கூடி, இப்போதுதான் அடக்கிய சிவப்பு மறுபடி தலைகாட்டும். மாஸ்க்கில் பிரஷ்ஷின் ஃப்ளோ (ஒரு தடவலில் படியும் அளவு) 10 சதவீதம், விளிம்பு முழு மென்மை. ஒளி வரும் பக்கத்து வெண்விழியின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று தடவல், ஓரங்களுக்குப் போகப் போக ஒன்று, மேல் இமைக்கு அடியில் ஒன்றுமே வேண்டாம். லைட்ரூமில் செய்வதானால் எக்ஸ்போஷர் 0.25இலிருந்து 0.35, சாச்சுரேஷன் மைனஸ் 10இலிருந்து 20. இந்த எல்லையைத் தாண்டினால் எடிட் செய்த கதையைப் படமே சொல்லத் தொடங்கிவிடும்.

வெளிர் தோல் உள்ளவர்களை வைத்துச் செய்யும் பாடங்களில் "கன்னத்தின் பிரகாசமான இடத்தைவிட வெண்விழி பிரகாசமாக இருக்கக் கூடாது" என்று சொல்வார்கள். அந்த முகங்களுக்கு அது சரி. கருந்தோலுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே எதுவும் செய்யாமலே வெண்விழி தோலைவிடப் பிரகாசமாக இருக்கும். அதனால் ஒப்பீட்டைப் பல்லோடும், அதே ஒளியில் இருக்கும் வெள்ளைத் துணியோடும் வைத்துக்கொள்ளுங்கள். வெண்விழி அந்தத் துணியைவிட நிச்சயம் ஒரு படி கீழே இருக்க வேண்டும். கருந்தோல் உள்ளவர்கள் பலருக்குக் கருவிழியை ஒட்டிய வெண்விழியில் லேசான பழுப்பு நிறமி படர்ந்திருப்பதும் இயல்பு. அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். துடைத்தால் கருவிழியின் விளிம்பு திடீரென்று வெட்டினாற்போல நிற்கும். கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் பாதி குறையுங்கள், முழுதாக வேண்டாம்.

கருவிழிக்கு வருவோம். இங்கே ஒளி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. கருவிழிக்கு முன்னால் கார்னியா என்ற குவிந்த ஒளிபுகு படலம் இருக்கிறது. விளக்கின் ஒளி அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதுதான் கேட்ச்லைட். உள்ளே நுழையும் ஒளியை அதே கார்னியா வளைத்து, கருவிழியின் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் கேட்ச்லைட் கடிகாரத்தின் 10 மணி இடத்தில் இருந்தால், கருவிழி இயல்பாகவே 4 மணிப் பக்கம் பிறை வடிவில் ஒளிர்ந்திருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பிறையை இன்னும் கொஞ்சம் தூக்குவது மட்டுமே. கருவிழி வட்டம் முழுவதையும் தூக்கினால், அல்லது கேட்ச்லைட் இருக்கும் பக்கத்தையே தூக்கினால், ஒளியின் திசை குழம்பி, உள்ளே விளக்கு வைத்த கண்ணாகிவிடும். கர்வ்ஸில் 128ஐ 150 வரை கொண்டுபோகலாம், ஆனால் பிரஷ் கருவிழி விட்டத்தில் கால்பங்குதான் இருக்க வேண்டும், பிறையின் நடுவில் அழுத்தம் கூடுதலாகவும் முனைகளில் குறைவாகவும்.

அடர் பழுப்புக் கண்களுக்கு ஒரு தனிப் பேச்சு தேவை. உலகத்தில் பெரும்பாலானவர்களின் கண் பழுப்புதான், ஆனால் பாடங்கள் பல நீலக் கண்ணையும் பச்சைக் கண்ணையும் வைத்தே எண்களைச் சொல்கின்றன. அந்த எண்களை அடர் பழுப்பில் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சாச்சுரேஷனையும் சேர்த்து ஏற்றினால் கருவிழி செம்மண் நிறத்துக்குப் போகும். ஷேடோஸை மட்டும் ஏற்றினால் சாம்பல் பூத்து, நாய்ஸ் புள்ளிகள் கிளம்பும். அடர் பழுப்பில் கருவிழியின் இழைகள் எல்லாம் கிட்டத்தட்ட கறுப்பு நிறத்துக்குள் அமிழ்ந்து கிடப்பதுதான் காரணம். இங்கேயும் சிவப்புச் சேனல்தான் கைகொடுக்கும். பழுப்பு நிறமி சிவப்பு ஒளியை நீலத்தைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால், இழைகள் அதிகம் பதிந்திருப்பது அந்தச் சேனலில்தான். முன்பு சொன்ன சேனல் மிக்ஸர் லேயரின் நகல் ஒன்றை எடுத்து, மாஸ்க்கில் கருவிழியின் அந்தப் பிறையை மட்டும் திறந்து, ஒப்பாசிட்டியை 50 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். லூமினாசிட்டி மோடில் இருப்பதால் செம்மண் நிறம் வராது, இழைகள் மட்டும் மேலே வரும். சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. லைட்ரூமுடன் வரும் 'ஐரிஸ் என்ஹான்ஸ்' முன்னமைவில் சாச்சுரேஷனும் சேர்த்தே ஏற்றப்படுகிறது. அதைப் பயன்படுத்தினால் முதலில் அந்த ஸ்லைடரைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

பிரகாசத்தைக் கூட்டுவதைவிட இருட்டைச் சரியான இடத்தில் கூட்டுவது கண்ணுக்கு அதிக உயிர் தரும். பலர் இந்தப் பாதியைச் செய்வதே இல்லை. கருவிழியின் வெளிவிளிம்பில் ஒரு கருத்த வளையம் இருக்கும். இளம் வயதில் தெளிவாகவும், வயதாக ஆக மங்கலாகவும். கர்வ்ஸில் 128ஐ 110க்கு இறக்கிய லேயரை, ஃப்ளோ 5 சதவீதத்தில் அந்த வளையத்தின் மேல் தடவுங்கள். வளையத்தின் வெளி ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது, வெண்விழிக்குள் மெல்லக் கரைய வேண்டும். மேல் இமைமுடியின் வேர்க்கோட்டிலும் அதே அளவு. கருவிழியின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டமான பாப்பாவைச் சற்றே ஆழமாக்கலாம், ஆனால் முழுச் சுழிக்கு அடித்துவிடாமல் 10, 15க்குள் விடுங்கள். முழுச் சுழி அச்சில் ஓட்டை போலத் தெரியும். இந்த மூன்று இடமும் இருண்டதும், வெண்விழியைத் தொடாமலே அது வெளுத்தது போலத் தோன்றும். வெளுக்க வைக்கும் வேலையில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

கேட்ச்லைட் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள், மங்கலாக இருந்தால் கர்வ்ஸால் தூக்குங்கள். இரண்டு மூன்று விளக்கு வைத்ததால் நிறைய புள்ளிகள் விழுந்திருந்தால் முதன்மை விளக்கின் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுப்பது வழக்கம், அது தவறும் இல்லை. ஆனால் பாப்பாவின் மேல் விழுந்த புள்ளியை எடுக்கும்போது கருவிழியின் இழையைக் கொண்டு நிரப்பிவிடாதீர்கள், கறுப்புக்குக் கறுப்புதான். கேட்ச்லைட்டே இல்லாத படத்தில் வெள்ளைப் பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைப்பது பெரும்பாலும் தோற்றுப்போகும். உண்மையான கேட்ச்லைட் கார்னியாவின் வளைவில் லேசாக வளைந்திருக்கும், சாளரத்தின் சட்டமோ மென்மையான விளிம்போ அதில் தெரியும், இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே கடிகார நிலையில் இருக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் அதே ஒளியில் எடுத்த வேறொரு ஃப்ரேமிலிருந்து எடுத்து 'ஸ்க்ரீன்' மோடில் வையுங்கள். கறுப்பு தானாக மறைந்து புள்ளி மட்டும் நிற்கும். முகம் முழுவதும் மென்மையான நிழலில் இருக்கும் படத்தில் கேட்ச்லைட் இல்லாததே சரியாகவும் இருக்கலாம்.

ஷார்ப்னெஸ் விஷயத்தில் கருவிழி, இமைமுடி, புருவம் மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி. வெண்விழியை ஷார்ப் செய்தால் எடுத்த நாளம் திரும்பி வரும். இமைத் தோலை ஷார்ப் செய்தால் சுருக்கமும் மையும் பிசிறடிக்கும். 24 மெகாபிக்சல் படத்தில் முகம் ஃப்ரேமை நிறைத்திருந்தால், 'ஹை பாஸ்' ஃபில்டர் 1 முதல் 2 பிக்சல், 'சாஃப்ட் லைட்' மோட் போதுமானது. லைட்ரூமின் கிளாரிட்டி 10, 15ஐத் தாண்டினால் கருவிழி விளிம்பைச் சுற்றி வெளிர் வளையம் முளைக்கும். இரண்டு கண்ணையும் சமமாக ஷார்ப் செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலே தூரத்துக் கண் மென்மையாகிவிடும். அதை அப்படியே விடுங்கள். சுற்றியுள்ள தோல் மென்மையாகவும் கருவிழி மட்டும் கூர்மையாகவும் இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஃபோகஸ் இமைமுடியில் விழுந்து கருவிழி தவறிப்போன படத்தை எந்த ஷார்ப்பனிங்கும் மீட்காது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் "மீட்டு"த் தருவது அந்த மனிதருடைய கருவிழி இழை அல்ல, அவை வரைந்த வேறொன்று.

கண்ணைப் பெரிதாக்குவது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பொம்மைத்தனத்துக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான். போட்டோஷாப்பில் 2016இல் வந்த முகம் அறியும் லிக்விஃபையில் (வடிவத்தை இழுத்து மாற்றும் கருவி) 'ஐ சைஸ்' ஸ்லைடர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லோரும் இழுக்கிறார்கள். பெரியவர்கள் எல்லோருக்குமே கருவிழியின் விட்டம் 12 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஆளுக்கு ஆள் மிகக் குறைவாகவே மாறும். அதனால் முகத்தோடு ஒப்பிட்டுக் கருவிழி கொஞ்சம் பெரிதானாலும், முகம் சிறிதாக இருக்கும் குழந்தைகளின் விகிதத்துக்குப் போய்விடும். ஒரு கண் சிரிக்கும்போது சுருங்கியதைச் சரிக்கட்ட 3, 5 என்று உயரத்தை மட்டும் தொடலாம். அதற்குப் பிறகு கருவிழி வட்டமாகவே இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா என்று பார்க்கத் தவறாதீர்கள். கீழ்ப்பையின் கருவளையத்தைப் பாதியளவு குறைத்து, மடிப்புக் கோட்டை விட்டுவிடுங்கள். அந்தக் கோடு போனால் சிரிப்பே பொய்யாகிவிடும்.

தானியங்கி மாஸ்க் பற்றி: லைட்ரூம் கிளாசிக்கின் 12ஆம் பதிப்பிலிருந்து (2022 அக்டோபர்) ஆளைக் கண்டுபிடித்து வெண்விழி தனியாகவும், கருவிழியும் பாப்பாவும் சேர்த்து ஒன்றாகவும் மாஸ்க் தருகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் வெண்விழி மாஸ்க் முழுவதும் ஒரே அளவுக்குத் திறந்திருப்பதால், ஆரம்பத்தில் சொன்ன தட்டையாகும் கோளாறு இதிலும் வரும். 'சப்ட்ராக்ட்' பிரஷ்ஷால் மேல் விளிம்பையும் இரு முனைகளையும் பாதி கழித்துவிடுங்கள். கருவிழியும் பாப்பாவும் ஒரே மாஸ்க்கில் வருவதால் எக்ஸ்போஷரை ஏற்றினால் பாப்பா சாம்பல் நிறமாகும். பாப்பாவையும் அதேபோல் கழிக்க வேண்டும். கைப்பேசி ஆப்களில் இந்தக் கழித்தல் வசதி குறைவு. அங்கே 'பளிச் கண்' வகை ஸ்லைடரைத் தொடாமல், டாட்ஜ் பிரஷ் (தடவிய இடத்தை வெளிச்சமாக்குவது) இருந்தால் மிகக் குறைந்த அளவில், படத்தைப் பெரிதாக்கி, பிறைப் பகுதியில் மட்டும் தடவுவது நல்லது.

ஃபிளாஷில் வரும் சிவப்புக் கண்ணைத் தயங்காமல் நீக்கலாம். விரிந்திருக்கும் பாப்பா வழியாக ஒளி நுழைந்து கண்ணின் பின்சுவர் ரத்தத்தில் பட்டுத் திரும்புவது அது. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருக்கும்போது வரும். பாப்பாவின் நிறத்தை நீக்கி இருட்டாக்கி, கேட்ச்லைட்டை மட்டும் விட்டால் போதும். ஆனால் குழந்தையின் படத்தில் ஒரு கண்ணில் சிவப்பும் மறு கண்ணில் வெள்ளை அல்லது மஞ்சள் ஒளியும் தெரிந்தால், எடிட் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கண் மூக்குப் பக்கமாகச் சற்றே திரும்பியிருந்தால் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரிவது உண்டு, அது நோயில்லை. அதே சமயம் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவக் கண்புற்றுக்கும், பிறவிக் கண்புரைக்கும் இதே வெள்ளை ஒளி ஓர் அறிகுறி. எது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எடிட் செய்யாத மூலப் படத்தைப் பெற்றோரிடம் கொடுத்து, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வேறு சிலவற்றைக் கேட்காமல் எடுக்கக் கூடாது: முதியவர்களின் கருவிழி ஓரத்தில் இருக்கும் சாம்பல் வளையம், வெண்விழியில் மச்சம், மாறுகண், இரண்டு கண்ணும் வெவ்வேறு நிறம். தூக்கமின்மையால் சிவந்தது அன்றைய விஷயம், எடுத்துவிடலாம். முதலில் சொன்ன நான்கும் அந்த முகத்துக்குச் சொந்தம். பாஸ்போர்ட், அடையாள அட்டைப் படங்களிலும் செய்திப் படங்களிலும் கண்ணைத் தொடவே கூடாது, சிவந்திருந்தாலும் சரி.

எல்லா லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு, சில நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பெரிதாக்கி வேலை செய்ததில் உங்கள் கண் அந்த மாற்றத்துக்குப் பழகிப்போயிருக்கும். படத்தை இடவலமாகத் திருப்பி, முகம் திரையில் கட்டைவிரல் அளவுக்கு வரும்படி சிறிதாக்கிப் பாருங்கள். முகம் தெரிவதற்கு முன்பே கண் மட்டும் தெரிந்தால் கூடிப்போயிற்று. குரூப்பின் ஒப்பாசிட்டியைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றி, வித்தியாசம் தெரியத் தொடங்கும் இடத்தைக் கடந்து சற்றே மேலே நிறுத்துங்கள். பெரும்பாலும் 60, 70 சதவீதத்தில்தான் நிற்பீர்கள்.

மேலே சொன்னவற்றில் ஒளியின் திசை, சேனல்களின் நடத்தை, வெண்விழியின் நிழல் ஆகியவை எந்தப் படத்துக்கும் மாறாதவை. எண்கள் அப்படியல்ல, தொடக்கப் புள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழகுசாதன விளம்பரத்துக்கு வேலை செய்பவர் நான் சொன்ன அளவை இரட்டிப்பாக்குவார், அந்த உலகத்தில் அது தவறாகாது. திரை மங்கலாக வைக்கப்பட்டிருந்தால் எல்லோருமே தேவைக்கு மேல் வெளுக்க வைப்பார்கள். மானிட்டரின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா அளவில் வைத்துவிட்டு வேலை செய்தால் இந்தத் தவறு குறையும். பளபளப்பில்லாத தாளில் அச்சிடுவதானால் கருவிழிப் பிறையை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தத் தாளில் இருட்டு விவரங்கள் அமுங்கிப்போகும். ஒரு சின்னத் தாளில் முகத்தை மட்டும் சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்புங்கள். குழுப் படத்தில் ஒரு கண்ணின் அகலம் 40 பிக்சலுக்குக் கீழ் என்றால் இதில் எதுவும் தேவையில்லை, கண்குழிகளின் நிழலை மட்டும் 0.2 தூக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.